சேவலை அறுக்காதே என்று வந்த அழைப்பு

ஆன்சி, ஏட்டி ஆன்சி, கேக்கியா. நம்ம சென்டரைப் பற்றி நினைவு மலர் போடுகிறார்களாம். ஓய்வு பெற்றவர்கள் எல்லாரும் அவரவர் அனுபவத்தை எழுதித் தர வேண்டுமாம். ஆபீஸ் பிள்ளைகள் என்னிடமும் வந்து கேட்டார்கள். நீ இருந்திருந்தால் தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்திருப்பாய். "முப்பது வயசுல ரிட்டயர்டா, நல்லா இருக்குட்டி" என்று சொல்லியிருப்பாய். காண்டிராக்டில் இருந்தவர்களுக்கு மெஸ்ஸை மூடின நாள்தான் ஓய்வு நாள். ஆனாலும் நான் எழுதத்தான் போகிறேன். உன்னை விட்டுவிட்டு இந்த சென்டரின் கதையை யார் எழுதினாலும் அது பாதிக் கதை.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆன்சி எனக்குச் சொந்தம் இல்லை. கூட வேலை பார்த்தவள். முட்டத்துக்குப் பக்கத்துக் கடற்கரையில் பிறந்தவள். நான் அருமனைப் பக்கம், ரப்பர் தோட்டத்து ஓரம். அவள் மாதா கோவில், நான் புராட்டஸ்டண்டு சபை. நாகர்கோவிலுக்கு வெளியே தபால்காரர்களும் தொலைபேசிக்காரர்களும் தங்கிப் படிக்கிற பயிற்சி மையத்தின் மெஸ்ஸில் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அவளும் ஒன்பதாம் வகுப்பு, நானும் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு மாதத்துக்கு முன்னால் காய்ச்சல் என்று படுத்தாள். எழும்பவே இல்லை.

எங்கள் சென்டரின் சரித்திரம் தெரிய வேண்டுமென்றால் மெஸ்ஸின் ஸ்டோர் ரூமுக்குத்தான் வர வேண்டும். பாத்திரங்களைப் பார்த்தாலே தெரியும். ஒரு ஆள் உள்ளே இறங்கித் தேய்க்க வேண்டிய அண்டா இருக்கிறது. அது தந்தி காலத்து அண்டா. தந்திக்காரர்கள், லைன்மேன்கள், தபால் பிரிக்கிறவர்கள் என்று பந்தி பந்தியாக உட்கார்ந்து சாப்பிட்ட காலம். எங்கள் தலைமைச் சமையல்காரர் ராசையன் மாமன் சொல்வார், அப்போது பக்கத்து அறையில் கட்டுக் கடகட என்று தந்தி அடிக்கிற சத்தத்துக்குத் தாளமாகத்தான் தேங்காய் துருவுவார்களாம். பிறகு போன் வந்து தந்தி போனது, அண்டா ஒரு அளவு சின்னதானது. செல்போன் வந்தது, லைன்மேன்கள் குறைந்தார்கள், இன்னும் ஒரு அளவு சின்னதானது. நாங்கள் சேர்ந்தபோது நடு அளவு அண்டா. கடைசியில் வீட்டுக் குக்கர்.

ஆனால் நாங்கள் இருந்த வருஷங்களில் அந்த இடம் எப்படி இருந்தது தெரியுமா. முற்றத்தில் நிஜப் போன் கம்பங்கள் நட்டிருந்தார்கள். அதில் பையன்கள் இடுப்பில் பெல்ட் கட்டி ஏறுவார்கள். ஏறினவனுக்குக் கால் நடுங்கினால் நாங்கள் சன்னலில் நின்று கரண்டியால் தட்டுவோம். இன்னொரு பக்கம் மாதிரித் தபால் நிலையம். கவுண்டர், தராசு, பை, அரக்கு, முத்திரை எல்லாம் உண்டு. தபால் பிள்ளைகள் தங்களுக்குள்ளேயே கடிதம் எழுதி, முத்திரை குத்தி, பிரித்து, அடுத்த கட்டடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்துப் பழகுவார்கள். எனக்கும் ஆன்சிக்கும் அப்படிக் கடிதம் வரும். "மதியம் மீன் வறுத்தால் எனக்கு வால் துண்டு வைக்கவும்" என்று எழுதியிருக்கும். முத்திரை குத்தின கடிதம், கையெழுத்துப் போட்டுத்தான் வாங்க வேண்டும்.

எல்லாவற்றையும்விட ருசியானது புகார் அறை. போன் கெட்டுப்போனவர்கள் கூப்பிட்டால் எப்படிப் பேச வேண்டும் என்று பழக்குகிற அறை. மேசை மேசையாகப் போன். அந்த வகுப்பு எடுத்தவர் லலிதா மேடம். அவருடைய சத்தம் உயர்ந்து நான் கேட்டதில்லை. மெஸ்ஸில் பாத்திரம் கழுவுகிற எங்களையும் "நீங்க" என்றுதான் சொல்வார். ஒரு பையன் தப்பாகப் பேசிவிட்டால் திட்ட மாட்டார். பக்கத்தில் போய், அவன் கையிலிருந்து ரிசீவரை மெதுவாக வாங்கி, இருந்த இடத்தில் வைப்பார். பிறகு, "இப்போ மணி அடிக்கும். மறுபடியும் எடுங்க" என்பார். மணி அடிக்கும். சரியாகப் பேசுகிறவரைக்கும் அடித்துக்கொண்டே இருக்கும்.

அவர் வைத்திருந்த முறை இதுதான். வணக்கம் சொல்லு. பேர் கேள், ஊர் கேள், குறை கேள். கேட்டதை அப்படியே அவர்களிடம் திருப்பிச் சொல்லு. அவர்கள் "ஆமா" என்ற பிறகு நன்றி சொல்லு. போனை முதலில் வைக்கிறது அவர்கள்தான், நாம் இல்லை.

மணி அடிக்க மறுபக்கம் ஒரு ஆள் வேண்டும் அல்லவா. முதலில் பயிற்சிக்காரர்களே மாறி மாறிப் பேசிப் பார்த்தார்கள். சிரிப்பு வந்து கெட்டுப்போனது. ஒரு நாள் ஆன்சி சாயா கொண்டுபோனவள், ஒரு பையன் "சொல்லுங்க மேடம்" என்று குழைவதைப் பார்த்துவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள். "ஏலே, நான் ஒரு வாரமா கூப்பிடுதேன், ஒனக்க அப்பன் வீட்டு போனுன்னு நெனச்சியா" என்று ஒரு கிழவர் சத்தத்தில் கேட்டாள். பையன் எழுந்து நின்றுவிட்டான். லலிதா மேடம் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இன்னும் யாரு மாதிரி பேசுவீங்க?"

"யாரு வேணும் மேடம்?"

அன்றிலிருந்து சாப்பாட்டு வேலை முடிந்ததும் ஆன்சிக்கு ஸ்டோர் ரூமில் ஒரு போன். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு மீன் வியாபாரி ஆவாள், கல்யாண வீட்டு மாமி ஆவாள், துபாயிலிருந்து வந்த மாப்பிள்ளை ஆவாள். நான் பக்கத்தில் பயறு உடைத்துக்கொண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பேன். இந்த மாவட்டத்தை விட்டுப் போனபிறகும் புகார் அறையில் படித்த பையன்கள் அவளை "கஸ்டமர் அக்கா" என்றுதான் விசாரிப்பார்கள்.

இனி அந்தப் புயல்.

எங்கள் பக்கம் ரப்பர் மரங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. வாழை ஒன்று பாக்கியில்லை. கரண்டு இல்லை, செல்போன் டவர் ஒன்றும் வேலை செய்யவில்லை. கடற்கரையில் அதைவிட மோசம். கடலுக்குப் போனவர்கள் நாட்கள் கழிந்தும் திரும்பவில்லை. எந்தப் படகு எங்கே என்று ஒரு வீட்டுக்கும் தெரியாது. கம்பம் ஏறிப் பழகின பையன்களையெல்லாம் நிஜக் கம்பம் நட வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். எங்கள் சென்டரில் ஜெனரேட்டர் இருந்ததால், ஊர் முழுக்க வருகிற புகார் அழைப்புகளை மறுநாள் முதல் எங்கள் புகார் அறைக்குத் திருப்பிவிடுவதாகப் பேச்சு.

அதற்காக லலிதா மேடம் காலையிலேயே மெஸ்ஸுக்கு வந்துவிட்டார்.

"ஆன்சி, நாளைக்கு வர்றது நிஜ ஆளுங்க. அழுவாங்க, திட்டுவாங்க. பசங்களுக்கு இன்னைக்கே பழகணும். உங்களால முடியுமா?"

ஆன்சியின் ஊரிலும் ஆட்கள் திரும்பவில்லை. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "முடியும் மேடம். அங்க உள்ளவ என்ன பேசுவாவன்னு எனக்குத்தான தெரியும்" என்றாள்.

காலை முழுக்கப் பேசினாள். மகனைத் தேடுகிற தாயாகப் பேசினாள், அண்ணனைத் தேடுகிற தங்கையாகப் பேசினாள். அன்றைக்கு நான் சிரிக்கவில்லை. பயற்றை வைத்துவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கம் பையன்கள் வியர்த்து நின்றார்கள். மதியம் மேடம் நிறுத்தச் சொன்னார். நாங்கள் மரச்சீனிக் கிழங்கு அவிக்கப் போய்விட்டோம்.

ஆன்சி தட்டில் சாயாவை எடுத்துக்கொண்டு புகார் அறைக்குப் போனாள். நான் வடையோடு பின்னால் போனேன். குமரேசன் என்று ஒரு பையன், தர்மபுரிக்காரன், அப்போதுதான் போனை வைத்துவிட்டுச் சிரித்தபடி திரும்பினான். வாசலில் ஆன்சியைப் பார்த்ததும் அவன் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றது.

"அக்கா, நீங்க இங்க இருக்கீங்க?"

"பின்ன எங்க இருப்பேன்?"

"இப்ப என்கிட்ட பேசுனது யாரு?"

ஊர்ப் புகார் லைனைப் பழகுகிற போன்களோடு சேர்க்க வந்த ஆட்கள், நாளைக்கு என்றதை இன்றைக்கே சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எங்களிடம் யாரும் சொல்லவில்லை. அந்த மணி நிஜ மணி.

குமரேசன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "ஒரு ஆம்பள பேசுனாரு. ஏதோ துறைமுகத்துல இருந்தாம். உயிரோட இருக்கேன், வீட்ல சொல்லுங்கன்னாரு. நான், அக்கா போதும்க்கா, வடை ஆயிடுச்சான்னு கேட்டேன். வச்சுட்டேன்."

லலிதா மேடம் எழுந்து வந்தார். "பேர்?"

"அந்தோணி. முட்டம்."

ஆன்சி தட்டை மேசையில் வைத்த சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. "முட்டத்துல அந்தோணியா. கல்ல எறிஞ்சா ஒரு அந்தோணி மேல விழும், மக்கா."

"அவர் மறுபடியும் கூப்பிடுவார்" என்றார் மேடம்.

"கூப்பிட மாட்டாரு மேடம். கடல்ல இருந்து ஏறி வந்தவன் கையில ஏது போனு. எவனோ இரங்கிக் குடுத்துருப்பான், ஒரு தடவ. வீட்டு நம்பரெல்லாம் செத்துக் கெடக்கு, அதான் புகாருக்கு அடிச்சிருக்காரு." அவள் சத்தம் உடைந்தது. "இன்னைக்குச் சாயங்காலம் முட்டத்துல பூசை வச்சிருக்காவ. திரும்பாதவங்க பேர மரிச்சவங்களா வாசிக்கப் போறாவ. அதுல நாலு அந்தோணி உண்டு. எனக்க அம்ம ஆளு விட்டுச் சொன்னா."

உயிரோடு ஒரு மனுஷன் எங்கோ கரையேறி நிற்கிறான். இங்கே அவன் பேரைச் செத்தவன் என்று வாசிக்கப்போகிறார்கள். அவன் வீட்டுக்காரி அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். போனில் நம்பர் காட்டுகிற வசதி அந்த அறையில் இல்லை. எங்களிடம் இருந்தது குமரேசனின் காது மட்டும்தான்.

அவனோ அழுகிறான். "ஒண்ணும் ஞாபகம் இல்ல மேடம். அக்கான்னு நெனச்சுட்டேன், அதனால கேக்கவே இல்ல."

"நான் நல்லா நடிச்சதாலதான்" என்றாள் ஆன்சி. சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

மேடம் திட்டவில்லை. மேசையில் ரிசீவர் கோணலாகக் கிடந்தது. அதை எடுத்துச் சரியாக வைத்தார்.

"ஆன்சி, ஸ்டோர் ரூமுக்குப் போங்க. அந்தோணியா பேசுங்க. குமரேசன், இப்போ மணி அடிக்கும். மறுபடியும் எடுங்க."

ஓடினோம். அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ஆன்சி மூச்சு வாங்கினாள். எண்ணைச் சுற்றினாள். எனக்கு இரண்டு பக்கமும் கேட்க வேண்டும் என்று கதவைத் திறந்துபோட்டு நடையில் நின்றேன்.

"வணக்கம்" என்றான் குமரேசன். அழுகையில் அதற்கு மேல் வரவில்லை. மேடத்தின் சத்தம் கேட்டது. மறுபடியும்.

இரண்டாவது தடவை ஆன்சி கனத்த குரலில் ஆரம்பித்தாள். "எப்பா, நான் அந்தோணி பேசுதேன்." அவன் குறுக்கிட்டான். "இல்லக்கா. தொண்ட கட்டியிருந்துச்சு. நடுநடுவுல இருமுனாரு." மறுபடியும் மணி. ஆன்சி இருமினாள். குரலைக் கீறினாள். "இவ்வளவு வேகமா இல்ல. பக்கத்துல யாரோ சீக்கிரம்னு சொல்ற மாதிரி நிறுத்தி நிறுத்தி." மறுபடியும் மணி. அவள் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். மூட்டை மேல் உட்கார்ந்திருப்பது ஆன்சி இல்லை. உப்புத் தண்ணீர் குடித்துக் கரையேறின யாரோ ஒரு ஆள்.

"பேர் சொல்லுங்க சார்" என்றான் குமரேசன். இப்போது அழவில்லை.

"அந்தோணி."

"ஊர்?"

"முட்டம்."

"என்ன சொல்லணும் சார்?"

ஆன்சி இருமிவிட்டு, "உயிரோட இருக்கேன்" என்றாள். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பிறகு அவன் முறைப்படி திருப்பிச் சொல்ல ஆரம்பித்தான். "சார், உங்க பேர் அந்தோணி. ஊர் முட்டம். உயிரோட இருக்கீங்க. கூட ரெண்டு பேர், அவங்களும் இருக்காங்க. மூணு பேரும் கரை ஏறிட்டீங்க. வீட்ல சொல்லணும். சேவல்..."

நின்றான். நடையில் நின்ற எனக்கு அவன் நாற்காலி தள்ளப்படுகிற சத்தம் கேட்டது.

"சேவல் மேடம். அந்தோணியார் கோவிலுக்கு நேந்த சேவல அறுத்துறாதீங்க, நான் வந்துதான் குடுக்கணும்னாரு. அதக் கேட்டுத்தான் சிரிச்சேன். சாகப் பொழைக்கக் கெடக்கிற ஆள் யாராவது சேவலப் பத்திப் பேசுவாங்களா, இது அக்காதான்னு நெனச்சேன்."

ஆன்சி போனை வைக்கவில்லை, போட்டுவிட்டு ஓடினாள்.

அலுவலக ஜீப்கள் எல்லாம் கம்பம் நடப் போயிருந்தன. தபால் பக்கத்துச் சிவப்பு வேன் ஒன்றுதான் நின்றது. மேடமே போய் டிரைவரிடம் பேசினார். குமரேசன் தயங்கி நின்றான். "அக்காவே சொல்லிரட்டும் மேடம்" என்றான். மேடம் தலையை ஆட்டினார். "செய்தி வாங்கினது நீங்க. குடுக்கிறதும் நீங்கதான்."

தபால் பைகள் மேல் ஆன்சியும் குமரேசனும் நானும் உட்கார்ந்தோம். வழியெல்லாம் மரம். இறங்கி இழுப்போம், ஏறுவோம், மறுபடி இறங்குவோம். டிரைவர் அண்ணன் ஆரனில் வைத்த கையை எடுக்கவில்லை. ஆன்சி வழி முழுக்க இருமிக்கொண்டே வந்தாள். அந்தக் குரலை விட்டுவிடக் கூடாது என்று சொன்னாள். கலங்கரை விளக்கம் தெரிந்தபோது கோவில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

கோவில் முற்றம் நிறைய ஆட்கள். உள்ளே பாட்டு ஆரம்பித்திருந்தது. ஆன்சி கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய், "வாசிக்காதீங்க, வாசிக்காதீங்க" என்றாள். எல்லாரும் திரும்பினார்கள். குமரேசனைப் பிடித்து முன்னால் நிறுத்தினாள்.

பாவம், அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கையைக் கட்டிக்கொண்டு, "வணக்கம்" என்றான். "முட்டம் அந்தோணி சார்கிட்ட இருந்து போன் வந்துச்சு. உயிரோட இருக்காரு. கூட ரெண்டு பேரும் இருக்காங்க."

நான்கு பெண்கள் எழும்பினார்கள்.

அந்த நிமிஷத்தை நான் எப்படி எழுதுவேன். நான்கு பேரும் அவனையே பார்க்கிறார்கள். "எந்த அந்தோணி" என்று கேட்க நான்கு பேருக்கும் வாய் வரவில்லை. கூட்டத்தில் ஒரு ஆள், "யாருல இவன், எவன் ஏவிவிட்டான்" என்று முன்னால் வந்தான். அப்போது ஆன்சி பேசினாள். அவள் குரலில் இல்லை. இருமி, நிறுத்தி, தொண்டை கீறி, "அந்தோணியார் கோவிலுக்கு நேந்த சேவலு கெடக்கு. அத அறுத்திராதுங்க. நான் வந்துதான் குடுக்கணும்" என்றாள்.

ஓரத்தில் நின்ற பிரகாசி என்கிற பெண் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எனக்க ஆளு" என்றாள். "எனக்க ஆளுக்க சத்தம்." பிறகு சிரித்தாள். "கடல்ல கெடந்துட்டும் சேவலயா கேக்கான். வரட்டும் அவன்." சொல்லிவிட்டு ஆன்சியின் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்தப் படகில் கூடப் போன இரண்டு பேரின் வீட்டாரும் ஓடிவந்தார்கள். முற்றத்தில் அழுகையும் சிரிப்புமாக ஒரே பெகளம். தபால் வேன் டிரைவர் அண்ணன்கூடக் கண்ணைத் துடைத்தார். குமரேசனை யாரோ தூக்கிவிட்டார்கள்.

மற்ற மூன்று அந்தோணிகளின் வீட்டுக்காரிகள் திரும்ப உட்கார்ந்தார்கள். அவர்கள் முகத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன். ஆன்சி அதைப் பார்த்தாள். பிரகாசியின் கையை விடுவித்துக்கொண்டு போய், அந்த மூன்று பேருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். பூசை முடிகிறவரைக்கும் எழும்பவில்லை. ஒவ்வொரு பேர் வாசிக்கும்போதும் அந்தப் பேரைத் தானும் திருப்பிச் சொன்னாள். பக்கத்தில் இருந்த எனக்குச் சபையில் அந்தப் பழக்கம் இல்லை. இறந்தவர்களுக்காக ஜெபிக்கிற வழக்கம் எங்களுக்குக் கிடையாது. சும்மா உட்கார்ந்திருந்தேன்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டேன். "எதுக்குட்டி பேர எல்லாம் திருப்பிச் சொன்னே?"

"மேடம் சொல்லித் தந்ததுதான. நாம கேட்டோம்னு அவங்களுக்குத் தெரியாண்டாமா" என்றாள்.

அந்தோணி அண்ணன் ஊர் வந்து சேவலைக் கொடுத்தார். எங்கள் மெஸ்ஸுக்கு ஒரு கூடை மீன் வந்தது. குமரேசன் அதற்குப் பிறகு ஒரு அழைப்பில்கூட முதலில் போனை வைத்ததில்லை என்று லலிதா மேடம் புது வகுப்புப் பிள்ளைகளிடம் சொல்வார். புயல் சேதமெல்லாம் சரியாகிறவரைக்கும் எங்கள் புகார் அறையில் மணி ஓயவே இல்லை. சென்டரில் நான் பார்த்த நல்ல நாட்கள் அவைதான். பயிற்சி என்று ஒன்றும் இல்லை, எல்லாம் நிஜம். அண்டாவை மறுபடியும் பெரிதாக ஏற்றினோம். ராசையன் மாமன் ஓடி ஓடிக் கிண்டினார். ஆன்சி சாயாத் தட்டோடு அந்த அறையில் நுழையும்போதெல்லாம் பையன்கள் போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நிற்பார்கள்.

அவளை அடக்கம் பண்ணின அன்று தர்மபுரியிலிருந்து குமரேசன் வந்திருந்தான். லலிதா மேடம் வந்திருந்தார். அந்தோணி அண்ணன் பெட்டியைத் தூக்கினார். கோவிலில் அவள் பேரை வாசித்தார்கள். எனக்கு வாய் வரவில்லை. சபைப் பிள்ளை என்று நினைத்து நின்றுவிட்டேன். பிரகாசி அக்காதான் என் தோளில் இடித்து, "சொல்லு மக்களே, அவ கேப்பா" என்றாள். சொன்னேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.

போனை முதலில் வைக்கிறது அவர்கள்தான், நாம் இல்லை என்று மேடம் சொல்வாரே. ஆன்சி வைத்துவிட்டாள். எனக்குத்தான் இன்னும் காதிலிருந்து எடுக்கத் தெரியவில்லை.

இந்த மலரை வாசிக்கிற தபால்காரர்களிடமும் லைன்மேன்களிடமும், அவள் கையால் சாயா குடித்த எல்லாரிடமும், குடிக்காதவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். நீங்கள் மாதா கோவிலோ, சபையோ, அம்பலமோ, பள்ளிவாசலோ, எதுவாக இருந்தாலும் சரி. அவளுக்காக ஜெபம் பண்ணுங்கள். பேர் ஆன்சி. ஊர் முட்டத்துக்குப் பக்கம். பண்ணும்போது அந்தப் பேரை ஒரு தடவை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லுங்கள்.